திருக்குளமும் அன்னசாலையும்: சீக்கியத் தலங்கள் கூறும் சரித்திரம்

வட நாட்டுக்கு யாத்திரை செல்லும் நம்மவர்கள் காசி, கயை, ஹரித்துவாரம் என்று தீர்த்தங்களைத் தரிசித்துவிட்டு, வழியில் தில்லியிலும் ஆக்ராவிலும் அரசர்கள் எழுப்பிய மாளிகைகளையும் சமாதிகளையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவது வழக்கம். தீர்த்தத்தின் புனிதமும் சரித்திரத்தின் கனமும் ஒருங்கே பொருந்திய வேறொரு வகைத் தலங்கள், சட்லெஜ், பியாஸ், ராவி நதிகள் பாயும் பஞ்சாப் சமவெளியிலும், பழைய தில்லியின் நெருக்கமான வீதிகளிலும், இமயத்தின் அடிவாரங்களிலும் பரவிக் கிடக்கின்றன. சீக்கிய சமயத்தின் பத்து குருமார்கள் வாழ்ந்தும், உபதேசித்தும், உயிர் துறந்தும் புனிதமாக்கிய அந்த குருத்வாராக்களை வெறும் கட்டடங்களாகக் கருதிப் பார்ப்பவர் பளிங்குத் தரையையும் பொற்கூரையையும் கண்டு வியக்கலாமே அல்லாமல், அவற்றின் பொருளை அறியமாட்டார்.

நடந்ததை மறவாதிருக்கக் கல்லறை கட்டுவதும், வெற்றித் தூண் நாட்டுவதும், சிலை வைப்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். சீக்கியர்களின் வழக்கமோ, குரு ஒருவர் அமர்ந்த இடத்தில் ஒரு குளத்தை வெட்டி, ஓர் அடுப்பை மூட்டி, இறைவாக்கான கிரந்தத்தை நடுவே எழுந்தருளச் செய்து, வருகிறவர் யாவராயினும் நீராடவும் உண்ணவும் கேட்கவும் வழிசெய்வதாக இருந்தது. தொண்டினாலேயே நினைவைக் காத்த இந்த முறைதான் அத்தலங்களின் தனிச் சிறப்பு. அவற்றை இன்று எதிர்நோக்கும் ஓர் ஆபத்தும் அதே முறையிலிருந்துதான் பிறந்திருக்கிறது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராஜபாட்டையில் மூட்டிய அடுப்பு

மொகலாயர் காலத்தில் தில்லியையும் லாகூரையும் இணைத்த ராஜபாட்டை பஞ்சாபின் குறுக்கே சென்றது. அதன் ஓரத்தில் தொலைவைக் குறிக்கும் கோஸ் மினார்களும், வணிகரும் படையினரும் இராத் தங்கும் சராய்களும் எழுந்தன. ஜலந்தருக்கு அருகே நூர்ஜஹான் அரசியின் கட்டளையால் எழுந்த நூர்மஹல் சராயின் செம்மணற்கல் வாயில், அதில் செதுக்கிய உருவங்களோடு இன்றும் நிற்கிறது. சீக்கிய குருமார்களின் தொடக்ககால ஊர்கள் பலவும் இதே பாட்டையை ஒட்டியே அமைந்தன.

குரு நானக் (1469–1539) இளமையில் வாழ்ந்த சுல்தான்பூர் லோதி அத்தகைய ஓர் ஊர். அங்கே தௌலத் கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் பொருள்களை எடைபோட்டுக் கொடுக்கும் பணியை அவர் ஏற்றிருந்தார். ஹட் சாஹிப் என்னும் குருத்வாராவில் அவர் கையாண்டவை என்று போற்றப்படும் எடைக்கற்களை இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சமயத்தின் ஆதிகுருவை நினைவூட்டும் புனிதப் பொருள்களாகத் தானியம் நிறுத்த கற்கள் போற்றப்படுவதைக் காணும்போது, பின்னால் வந்த அன்னசாலைகளின் வித்து எங்கே விழுந்தது என்பது விளங்கிவிடுகிறது.

அந்த வித்து மரமானது பியாஸ் நதிக்கரையில், பாட்டை நதியைக் கடக்கும் துறையில் அமைந்த கோயிந்த்வாலில். மூன்றாம் குருவாகிய அமர்தாஸ் (1479–1574) அவ்வூரில் எண்பத்துநான்கு படிகள் இறங்கும் ஒரு பாவ்லியை, அதாவது படிக்கிணற்றை, அமைத்தார். இன்றும் பக்தர்கள் ஒவ்வொரு படியிலும் ஜப்ஜி என்னும் காலைத் துதியை முழுவதும் ஓதி, நீரில் மூழ்கி, மீண்டும் மேலேறி அடுத்த படியில் அமர்ந்து, எண்பத்துநான்கு லட்சம் பிறவிகளின் சுழற்சியிலிருந்து விடுதலை வேண்டுகிறார்கள். கிணறு ஒரு ஜாதியாருக்கு ஒன்றும் மற்றொரு ஜாதியாருக்கு வேறொன்றுமாக இருந்த காலத்தில், எல்லாரும் ஒரே படியில் இறங்கி ஒரே நீரில் மூழ்க வேண்டும் என்று அமைத்ததில் உள்ள துணிவை, படிக்கட்டின் ஈரத்தில் கால் வைத்து இறங்கும்போதுதான் உணர முடியும்.

முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும், பிறகே குருவைக் காணலாம் என்பது அமர்தாஸர் விதித்த முறை. அக்பர் சக்கரவர்த்தியே அங்கு வந்தபோது மற்றவர்களோடு தரையில் அமர்ந்து உண்ட பின்னரே குருவைத் தரிசித்தார் என்பது சீக்கிய மரபு போற்றும் வரலாறு. அரசர்கள் அப்பாட்டையில் கட்டிய சராய்கள் இன்று பாழடைந்து தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்க, குரு மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது.

லங்கர் என்னும் இந்த அன்னசாலைக்கும் தென்னாட்டுச் சரித்திரத்துக்கும் உண்மையான ஒரு தொடர்பு உண்டு. 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமை தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வேண்டும் என்று நடந்த சத்தியாக்கிரகத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ. ராமசாமியார் சென்று சிறை புகுந்ததை நாம் அறிவோம். பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்னும் சீக்கியத் தொண்டர்கள் அத்தனை தொலைவு பயணம் செய்து வந்து சத்தியாக்கிரகிகளுக்கு அங்கே ஓர் இலவச அன்னசாலையைத் திறந்ததையும், வைக்கத்து மக்கள் தம் சொந்த வலிமையிலேயே போராட வேண்டும் என்று காந்தியடிகள் கருதியதால் அது மூடப்பட்டதையும் அறிந்தவர் சிலரே. பந்தி பேதம் ஒழிய வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டில் பியாஸ் கரையில் எடுத்த முடிவு, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களைத் தெற்கு நோக்கி வரச் செய்திருக்கிறது.

கீழே இறங்கிச் செல்லும் கோயில்

நான்காம் குரு ராம்தாஸ் வெட்டத் தொடங்கிய குளமே அமிர்தசரஸ். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. அவருடைய குமாரரும் ஐந்தாம் குருவுமாகிய அர்ஜன் தேவ் (1563–1606) அக்குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாஹிபை எழுப்பினார். 1588-இல் அதன் அஸ்திவாரக் கல்லை லாகூரைச் சேர்ந்த ஸூஃபி ஞானியாகிய மியான் மீர் நாட்டினார் என்பது மரபு. நம் கோயில்களில் கோபுரம் வானை நோக்கி உயர்ந்து, தொலைவிலேயே தலையை நிமிரச் செய்கிறது. இங்கே நகரின் தெருவிலிருந்து வாயிலுக்குள் நுழைந்தவுடன் படிகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. தலையைத் துணியால் மூடி, வாயிலில் ஓடும் ஆழமற்ற நீரோடையில் கால் நனைத்து, குனிந்து இறங்குபவனுக்கு எதிரே நீரும் நீரின் மேல் பொன்னுமாகக் காட்சி தருகிறது அந்தச் சிறிய கோயில். அதற்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. நான்கு வருணத்தாரும் நான்கு திசையாரும் வரலாம் என்பது அதற்குச் சொல்லும் பொருள்.

1604-இல் அர்ஜன் தேவர் தொகுத்த ஆதி கிரந்தம் இக்கோயிலில் எழுந்தருளியது. முதிய அடியாராகிய பாபா புத்தா அதை ஓதும் முதல் கிரந்தியானார். குருமார்களின் பாடல்களோடு நெசவாளராகிய கபீர், தோல் தொழிலாளராகிய ரவிதாஸ், மகாராஷ்டிரத்தின் நாமதேவர், முஸ்லிம் ஞானியாகிய ஷேக் ஃபரீத் முதலியோரின் பாடல்களும் அதில் சம மரியாதையோடு இடம் பெற்றிருக்கின்றன. விக்கிரகம் இல்லாத இக்கோயிலில் அந்த நூலே குரு. இரவில் கோயிலின் கதவுகள் அடைபடுமுன் கிரந்தத்தைப் பட்டுத் துணிகளில் சுற்றிப் பொற்பல்லக்கில் ஏற்றுகிறார்கள். பாலத்தின் இருபுறமும் நெருங்கி நிற்கும் ஜனங்கள், தண்டைத் தோளில் ஒரு நொடி தாங்கவும், தோள் கொடுக்க இயலாதவர்கள் விரல் நுனியால் தொடவும் முந்துகிறார்கள். அகால் தக்தில் உள்ள ஓர் அறையில் மெத்தையும் போர்வையுமிட்ட கட்டிலில் கிரந்தம் துயில்கொள்ள, பொழுது புலருமுன் மீண்டும் பல்லக்கு புறப்படுகிறது. நம் ஆலயங்களின் பள்ளியறைச் சேவையை அறிந்தவர்களுக்கு இக்காட்சி நெஞ்சை உருக்கும். வேற்றுமை ஒன்றே, இங்கே துயில்வது சொல்.

எதிரே நிற்கும் அகால் தக்த் வேறொரு துயரத்தின் பயன். அர்ஜன் தேவர் 1606-இல் லாகூரில் சித்திரவதைப்பட்டு உயிர் நீத்த பிறகு, அவருடைய மைந்தர் ஹர்கோவிந்தர் இரண்டு வாள்களை அணிந்து, ஒன்று உலகியல் அதிகாரத்துக்கும் மற்றொன்று ஆத்மிக அதிகாரத்துக்கும் அடையாளம் என்று அறிவித்து இந்த ஆசனத்தை நிறுவினார். பக்திக்கு நீர் நடுவே ஒரு கோயிலும், நீதிக்கு அதன் எதிரே ஒரு பீடமுமாக இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

இப்பொற்கோயில் பட்ட காயங்கள் பல. ஆப்கானிய அரசன் அகமது ஷா அப்தாலியின் படையெடுப்புகளில் 1757-இல் குளம் மாசுபடுத்தப்பட்டது. 1762-இல் கோயில் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சீக்கியர்கள் திரும்பி வந்து சேற்றைத் தோண்டிக் குளத்தை மீட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் பளிங்கும் பொற்றகடும் வேய்ந்து இன்றைய தோற்றத்தை அளித்தார். 1984 ஜூன் மாதத்தில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையில் அகால் தக்த் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டது; பலரும் மாண்ட அந்த நாட்களின் வேதனை அங்கே இன்னும் ஆறவில்லை.

பொன்னைக் கண்டு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் காணாமல் விடுவது சுவர்களை. கீழ்த்தளப் பளிங்கில் பல வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ஜரத்காரி வேலை தாஜ்மஹாலின் வேலைப்பாட்டை ஒத்தது என்றாலும், தாஜ்மஹாலில் காணாத பறவைகளும் விலங்குகளும் மனித உருவங்களும் இங்கே உண்டு. உட்புறத்தில் ஈரச் சுண்ணத்தின் மீது தீட்டிய மோராகஷி ஓவியங்களில் கொடியும் மலரும் படர்ந்திருக்கின்றன. இவற்றைக் காத்துப் புதுப்பித்த நக்காஷ்கள் என்னும் கலைஞர் பரம்பரையில் கியான் சிங் நக்காஷ் (1883–1953) தலைசிறந்தவர்.

சாந்தினி சௌக்கில் ஓர் ஆலமரம்

தில்லியின் சாந்தினி சௌக் வீதியில், ஜைனர்களின் செங்கோயிலும் கௌரி சங்கர் ஆலயமும் சுனேரி மசூதியும் ஃபத்தேபுரி மசூதியும் ஒரே வீதியில் நிற்க, அவற்றினிடையே எழுகிறது சீஸ் கஞ்ச் குருத்வாரா. சீஸ் என்பது சிரசு. ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர் 1675 நவம்பரில் இவ்விடத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டார். காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தம் சமயத்தைக் காக்க வேண்டி அவரிடம் முறையிட்டதாகவும், அவர்களுக்காக அவர் தாமே தில்லிக்குச் சென்றதாகவும் சீக்கிய மரபு கூறுகிறது. தம் சமயத்துக்காக உயிர் விட்டவர்கள் உலகில் பலர். பிறர் சமயத்துக்காக, தாம் அணியாத பூணூலும் இடாத திலகமும் நிலைப்பதற்காக, உயிரைக் கொடுத்தவர் இவர். எந்த ஆலமரத்தின் அடியில் தலை விழுந்ததோ அதன் அடிமரத்தை அங்கே காத்து வைத்திருக்கிறார்கள்.

சிரசை பாயி ஜைதா என்னும் எளிய குலத்தவர் மறைத்து எடுத்துக்கொண்டு அனந்தபூர் வரை சென்றார். உடலை லக்கி ஷா வஞ்சாரா என்னும் வணிகர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தம் வீட்டில் வைத்து, எவரும் ஐயுறாதபடி வீட்டுக்கே தீ மூட்டித் தகனம் செய்தார். அந்த வீடு எரிந்த இடமே இன்று பாராளுமன்றத்துக்கு அருகே உள்ள ரகாப் கஞ்ச் குருத்வாரா. புது தில்லியை அமைத்தபோது ஆங்கில அரசு அதன் மதிற்சுவரை இடித்ததும், சீக்கியர் கிளர்ந்தெழுந்து அதை மீண்டும் எழுப்ப வைத்ததும் இருபதாம் நூற்றாண்டின் சீக்கிய விழிப்புக்கு ஒரு தொடக்கமாயின. இத்தலங்களை அடையாளம் கண்டு முதலில் குருத்வாராக்கள் எழுப்பியவர் சர்தார் பகேல் சிங். 1783-இல் படையோடு தில்லிக்குள் புகுந்த அவர், ஷா ஆலம் சக்கரவர்த்தியிடம் பெற்ற உரிமையைக் கொண்டு குருமார்களின் தடம் பதிந்த இடங்களில் ஏழு கோயில்களைக் கட்டினார். தலைநகரைக் கைக்கொண்ட ஒரு படைத்தலைவன் தனக்கென்று வெற்றித் தூண் நாட்டாமல், தியாகிகளின் இடங்களைத் தேடி அலைந்தான் என்பது எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்கது.

அனந்தபூரும் ஸர்ஹிந்தும்

சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள அனந்தபூர் சாஹிபில், 1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளன்று பத்தாம் குரு கோவிந்த் சிங், உருவிய வாளோடு கூட்டத்தின் முன் நின்று தலை கொடுப்பவர் யார் என்று கேட்டார். எழுந்து வந்த ஐவர், லாகூர், ஹஸ்தினாபுரம், ஜகந்நாதபுரி, துவாரகை, பீதர் என்று பாரதத்தின் ஐந்து மூலைகளைச் சேர்ந்தவர்கள்; நீர் சுமப்பவரும் நாவிதரும் உழவரும் அவர்களில் அடங்குவர். அவர்களுக்கு அமிர்தம் அளித்த குரு, பின்னர் அவர்கள் முன் தாமே பணிந்து நின்று அமிர்தம் பெற்றார். குருவும் சீடரும் இடம் மாறிய அந்தக் கணத்தில் கால்ஸா என்னும் சீக்கியத் தொண்டர் சமூகம் பிறந்தது. நம் சுப்பிரமணிய பாரதியார் 'குரு கோவிந்தர்' என்ற நெடும்பாடலில் இதே நிகழ்ச்சியைப் பாடியிருப்பதால், அது நடந்த கேஸ்கட் சாஹிபின் குன்றின் மேல் நிற்கும் தமிழருக்கு அவ்விடம் புதிதாகத் தோன்றாது.

அனந்தபூரை விட்டு 1704-இன் இறுதியில் (1705 என்பாரும் உளர்) குரு வெளியேறியபோது, பெருகி ஓடிய சர்ஸா ஆற்றங்கரையில் குடும்பம் பிரிந்தது. மூத்த குமாரர் இருவரும் சம்கௌர் போரில் வீழ்ந்தனர். இளையவர்களாகிய ஜோராவர் சிங், ஃபத்தே சிங் என்ற இரு பாலகர்களும், பாட்டியார் மாதா குஜ்ரியும் ஸர்ஹிந்து நவாபு வஜீர் கானிடம் பிடிபட்டு, மார்கழிக் குளிரில், தண்டா புர்ஜ் என்னும் காற்று வீசும் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டனர். மதம் மாற மறுத்த அச்சிறுவர்களை உயிரோடு சுவரில் வைத்து எழுப்பக் கட்டளை பிறந்தது. மலேர்கோட்லா நவாபு ஷேர் முகம்மது கான் அந்தச் சபையிலேயே அதைக் கண்டித்தார். 1947-இன் பிரிவினைக் கலகத்தில் பஞ்சாப் முழுதும் பற்றி எரிந்தபோது, மலேர்கோட்லா முஸ்லிம்களுக்குத் தீங்கு நேராமல் காத்தது இந்த ஒரு சொல்லின் நன்றியே என்று அப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஜனசமூகம் ஒரு நன்றியை மறவாதிருந்தது.

மாண்ட சிறுவர்கள், பாட்டியார் ஆகியோரின் உடல்களைத் தகனம் செய்ய இடம் கேட்ட தோடர்மல் என்னும் செல்வர், தரையில் பரப்பிய பொற்காசுகள் மறைக்கும் அளவுக்கே நிலம் என்ற நிபந்தனைக்கு இசைந்து அந்நிலத்தை வாங்கினார் என்பது மரபு. அங்கே ஜோதி சரூப் குருத்வாரா நிற்கிறது. 1710-இல் சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் சப்பர் சிரிப் போரில் வஜீர் கானை வென்று ஸர்ஹிந்தைக் கைக்கொண்டார். அங்கே, வெற்றிக் கோட்டை என்று பொருள்படும் ஃபத்தேகட் சாஹிபுக்கு ஆண்டுதோறும் டிசம்பரில் திரளும் லட்சக்கணக்கான மக்கள் வெற்றியைக் கொண்டாட வருவதில்லை. இரு சிறுவர்களை நினைந்து வருகிறார்கள். அந்நாட்களில் குழந்தைகளின் துன்பத்தில் பங்குகொள்வதுபோல் வெறுந்தரையில் படுப்பவர்களும் உண்டு. வழியெங்கும் கிராமத்தார் டிராக்டர் வண்டிகளில் மாவும் பருப்பும் கொணர்ந்து லங்கர் நடத்துகிறார்கள். ரொட்டியை ஒரு கையால் வாங்க முயலும் புதியவரிடம் பரிமாறுபவர் ஒரு கணம் நின்று காத்திருப்பார். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திய பிறகே, பிரசாதம் என்று சொல்லி அதை இடுவார்.

புதுப்பித்தலும் அழித்தலும்

இனிக் கூறவேண்டியது ஒரு கவலை. கார் சேவை என்பது கைம்மாறு கருதாமல் உடலுழைப்பால் செய்யும் திருப்பணி. 1923-இல் அமிர்தசரஸின் குளத்தைத் தூர்வாரியபோது செல்வரும் ஏழையரும் கூடையில் சேறு சுமந்தது அதன் மிக உயர்ந்த வடிவம். அப்தாலி தகர்த்ததை மீட்டதும் இதே சேவைதான். ஆனால் இடித்துக் கட்டுவதே புண்ணியம் என்ற எண்ணம் ஓங்கிய கடந்த பல ஆண்டுகளில், நானக்ஷாஹி என்னும் சிறு செங்கற்களாலும் சுண்ணச் சாந்தாலும் கட்டிய பழைய சுவர்கள் பல இடங்களில் விழுந்து, அவற்றின் மேலிருந்த ஓவியங்களும் மறைந்து, வெண்பளிங்கு மூடிய புதுக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அந்தப் பாலகர்கள் குளிரில் நடுங்கிய தண்டா புர்ஜைக் காணச் செல்பவர் இன்று காண்பது பழைய கோபுரத்தை அன்று. தரன் தாரனில், அர்ஜன் தேவர் வெட்டிய பெருங்குளத்தின் கரையில் நின்ற பழமையான தர்சனி தியோடி வாயிலை, 2019 மார்ச் 30-ஆம் தேதி இரவில் கார் சேவைக் குழுவினர் இடிக்கத் தொடங்க, ஊர் மக்கள் திரண்டு தடுத்து நிறுத்தினார்கள். அதற்குள் மேற்பகுதி சிதைந்துவிட்டது.

இடித்தவர்களைப் பழிப்பது எளிது. அவர்களும் பக்தியால் இயங்கியவர்களே. தொண்டு ஓடும் நீரைப் போன்றது, கல்லைக் கட்டிக்கொண்டு நிற்பது அதன் இயல்பன்று என்று அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லலாம். ஆயினும் சுல்தான்பூரின் எடைக்கற்களைக் காத்தவர்களும் சீஸ் கஞ்சின் அடிமரத்தைக் காத்தவர்களும் அதே பக்தர்கள்தானே? கல்லும் மரமும் சாட்சி சொல்லும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பாத்திரம் தேய்ப்பதும் பாதரட்சை துடைப்பதும் சேவையானால், உதிரும் சுண்ணத்தைப் பதம் அறிந்து பூசுவதும், மங்கிய ஓவியத்தின் புழுதியைப் பூந்துகிலால் ஒற்றி எடுப்பதும் சேவையாகாமல் போகா. ஊர் திரண்டு தடுத்த அந்த இரவில் தரன் தாரன் மக்கள் செய்ததும் கார் சேவையே.

யாத்திரைக்கு எண்ணுபவர்களுக்கு வழி கடினமன்று. தில்லியில் சீஸ் கஞ்சையும் ரகாப் கஞ்சையும் கண்டு, அமிர்தசரஸ் செல்லும் ரயிலில் ஸர்ஹிந்தில் இறங்கி ஃபத்தேகட் சாஹிபைத் தரிசித்து, அங்கிருந்து பிரியும் கிளைப் பாதையில் அனந்தபூர் சென்று மீண்டு, கோயிந்த்வால், தரன் தாரன் வழியாக அமிர்தசரஸை அடையலாம். கால் வலிமையும் காலமும் உள்ளவர்கள் கோடையில் கர்வாலின் மலைகளில், கடல்மட்டத்துக்கு மேல் நாலாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஏரிக்கரையில் நிற்கும் ஹேம்குண்ட் சாஹிபையும் சேர்த்துக்கொள்ளலாம். தலையை மூடிக்கொள்ளுங்கள், புகையிலையை வாயிலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். பந்தியில் அமர்ந்து உண்ட பிறகு உடனே எழுந்து போய்விடாமல், அரை மணி நேரமேனும் பாத்திரம் துலக்கும் இடத்தில் நில்லுங்கள். பிறகு திரும்பும் வழியில் எங்கேனும் ஒரு பழைய சுவர், சிறு செங்கல் தெரிய, ஓவியத்தின் ஒரு கொடி இன்னும் அழியாமல் நிற்கக் கண்டால், அங்கிருப்பவரிடம் அதன் அருமையைச் சொல்லிவிட்டு வாருங்கள்.